பழவங்காடிக் குருவிகளை நான் சாகடித்த கதை

புள்ளியியல் படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மழை பெய்கிறதா என்று கேட்டால் ஜன்னலைத் திறந்து பார்க்க மாட்டோம். போன வருடக் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, "பெய்ய வாய்ப்பு அதிகம்" என்போம். (அதற்குள் கொடியில் கிடக்கும் துணியெல்லாம் நனைந்து, அம்மா திட்ட ஆரம்பித்திருப்பாள்.) இந்த வியாதி எனக்கு முற்றியிருந்த இருபத்தாறாவது வயதில்தான், பழவங்காடிக் கடைத்தெருவின் சிட்டுக்குருவிகளில் பாதியை நான் சாகடித்தேன்.

அப்போது எனக்குக் கழக்கூட்டத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. மூன்று மாதமாக எங்கள் செயலியைத் திறக்காத வாடிக்கையாளர்களைக் கண்டுபிடித்து, "இவர் போய்விட்டார்" என்று பட்டியல் போடுவேன். சம்பளம் உண்டு, பெருமை இல்லை. பெருமை தேடிப் போன இடம்தான் ஷீலா மேடத்தின் ஆராய்ச்சி.

ஷீலா மேடம் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. குருவிகளைப் பிடித்து, சிறகு, அலகு, கால் எல்லாவற்றையும் அளந்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்கவிடுவார். ஒரு மழைக்காலம் கழிந்ததும் எந்தக் குருவி கண்ணில் படுகிறது, எது காணவில்லை என்று பார்ப்பார். எப்படிப்பட்ட உடல்வாகு உள்ளது பிழைக்கிறது, எது சாகிறது என்பதுதான் கேள்வி. இயற்கைத் தேர்வு என்று பாடத்தில் படிக்கிறோமே, அதைக் கடைத்தெருவிலேயே பிடித்துக் காட்டும் ஆசை. பறவையெல்லாம் மேடத்துக்கு அத்துப்படி, கணக்குதான் வராது. "கணக்கை என்னிடம் விடுங்கள்" என்று சனி ஞாயிறுகளில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கணக்கோடு விட்டேனா? வளையம் வாங்கும் பொறுப்பையும் நானே பிடுங்கிக்கொண்டேன். மேடம் சொன்ன குட்டி வளையத்தில் எண் சரியாகத் தெரியவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே படிக்க வசதியாக, ஓரளவு பெரிய பிளாஸ்டிக் வளையமாக வாங்கிவிட்டேன். (அங்கே பழம்பொரி சூடாகக் கிடைக்கும் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.)

முதல் குருவிக்கு மாட்டும்போதே மேடம் தன் மலையாளத் தமிழில் கேட்டார். "எந்தா குட்டி, இது லூஸ் அல்லே?"

"ரத்த ஓட்டத்துக்கு நல்லது மேடம்" என்றேன். எனக்குக் குருவியின் ரத்தமும் தெரியாது, ஓட்டமும் தெரியாது.

மழைக்காலம் முடிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து வாரக்கணக்கில் பதிவு செய்தேன். வளையமிட்ட குருவிகளில் பாதியைக் காணோம். சிறகு நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டேன், ஒன்றும் தேறவில்லை. அலகு, எடை, வால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் கால் பருமனை வைத்துப் போட்டபோது கணினித் திரையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வந்து நின்றன. இது தற்செயல் என்று சொல்ல இடமே இல்லை. கால் மெலிந்தவை காலி! கால் தடித்தவை ஜம்மென்று இருக்கின்றன!

ஏன் என்றும் நானே கண்டுபிடித்தேன். மழையில் கடைகளின் இரும்பு ஷட்டர் வழுக்கும். தடித்த கால்கள் பிடித்துக்கொள்ளும். மெலிந்த கால்கள் வழுக்கிச் சாக்கடை ஓடையில் விழும். ஒரு குருவி வழுக்குவதைக்கூட நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். கடைத்தெருவில் மொத்தக் குருவிகள் குறையவே இல்லை. வளையம் இல்லாத குருவிகள் நிறைய இருந்தன. அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவை தம்பானூரிலிருந்து வந்த புதுக் குடியேறிகள். செத்தவர்களின் இடம் காலியானதும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் குருவிகள் குடிவந்துவிட்டன. இதைக் கட்டுரையில் ஒரு தனிப் பகுதியாகவே எழுதினேன். மேடம் இரண்டு தடவை "உறப்பாணோ, நிச்சயந்தானா?" என்று கேட்டார். "எண்கள் இருக்கே மேடம்" என்றேன். கட்டுரை ஓர் ஆய்விதழுக்குப் போனது.

முடிவைக் கடைக்காரர்களுக்கும் சொல்லிவிடலாம், அவர்கள் கடைக்குள் இத்தனை நாள் இடம் கொடுத்தார்களே என்றார் மேடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வாசகசாலையில் கூட்டம். அப்பா தன் நடைப்பயிற்சி நண்பர்கள் ஆறு பேரோடு முன்வரிசையைப் பிடித்துவிட்டார். என்னை அவர் அதுவரை மேடையில் பார்த்ததில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

பேசினேன். பேசினேன் என்றா சொன்னேன்? முழங்கினேன். மெலிந்த கால் குருவி ஒன்று அடைமழையில் ஷட்டரைப் பற்றமுடியாமல் வழுக்கி, கடைசியாக ஒருமுறை தன் கூட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடையில் விழுவதை நான் வர்ணித்தபோது, யாரோ "அய்யோ பாவம்" என்றார்கள். அப்பா நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒரு சுற்று பெருத்தது போல இருந்தது.

"சந்தேகம் இருந்தா கேக்கலாம்" என்றேன், இருக்காது என்ற தைரியத்தில்.

அரிசிக்கடை முருகையா அண்ணாச்சி எழுந்தார். பூர்வீகம் திருநெல்வேலி, கடை பழவங்காடியில் இரண்டு தலைமுறையாக இருக்கிறது. என் குருவிகளில் முக்கால்வாசிக்கு அவர் கடை மூட்டைகளில்தான் சாப்பாடு.

"நல்லாப் பேசுனிய பிள்ளே. ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்காண்டாம். செத்துப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது? பொணத்தைப் பாத்தியளா?"

"பார்க்கத் தேவையில்லை அண்ணாச்சி. அந்த எண் வளையம் ஒரு சீசன் முழுக்கக் கண்ணுல படலேன்னா, கணக்குப்படி அது செத்தாச்சு."

"அது சரி" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஊறுகாய் இல்லை. நிறைய, நிறைய, என் வளையங்கள்.

"அப்போ இது எந்தாக்கும்? அரிசி சலிக்கும்போ தெனமும் கெடைக்கி. ஒரு அம்மா சோத்துல கெடந்துச்சுன்னு வந்து சண்டை பிடிச்சுட்டுப் போச்சு. நான் உங்களுக்குத் தரணும்னுதான் எடுத்து வச்சேன். குருவிய எல்லாம் கடையிலதான் கெடக்கு, வெறுங்காலோட. காலு ஒல்லியா இருந்தா வளையம் நிக்குமா, கேட்டியளா?"

மேடம் எழுந்து வந்து பாட்டிலைத் திறந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"குட்டி, செத்தவங்க லிஸ்டை எடுக்கூ."

எடுத்தேன். மேடம் ஒவ்வொரு வளையமாக எடுத்து எண்ணைப் படித்தார். நான் பட்டியலில் தேடி, "இருக்கு மேடம்" என்று சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு. இருக்கு மேடம். பதினேழு. இருக்கு மேடம். ஐந்தாவது வளையத்தில் அப்பாவின் நண்பர் ஒருவர் கைதட்டத் தொடங்கினார். அதற்குப்பின் ஒவ்வொரு குருவி உயிர்த்தெழும்போதும் கைதட்டல். இருபதாவதில் அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

நான் கண்டுபிடித்தது பரிணாமம் அல்ல. மெலிந்த காலில் பெரிய வளையம் நிற்காது என்பதை. அதற்கு ஒரு முதுகலைப் பட்டம், ஒரு கணினி, ஒரு மழைக்காலம். தம்பானூரிலிருந்து யாரும் குடிவரவில்லை. வளையம் கழன்ற அதே உள்ளூர்க்காரர்களைத்தான் நான் வெளியூர்க்காரர்களாக்கியிருந்தேன்.

அன்று மாலை வாசகசாலைப் படியில் உட்கார்ந்து அழுதேன். மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "லூஸா இருக்குன்னு எனக்கும் தோணிச்சு. உன் கணக்கைப் பாத்துப் பயந்து வாய் மிண்டாம இருந்தேன். தப்பு ரெண்டு பேருக்கும்தான். கட்டுரையைத் திருப்பி வாங்குற கடிதத்தை மட்டும் நீயே எழுதணும், கேட்டோ" என்றார். எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சுத்தமான உரைநடை அதுதான்.

மறுபடி சரியான அளவு வளையங்களோடு ஒரு வருடம் வேலை செய்தோம். தடித்த காலும் மெலிந்த காலும் ஒரேமாதிரிதான் பிழைக்கின்றன. கழன்ற வளையத்தைச் சாவாக எண்ணினால் இல்லாத இயற்கைத் தேர்வு எப்படி முளைக்கும் என்று இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம். அது வெளிவந்தது. மேடம் பிடிவாதமாக என் பெயரை முதலில் போட்டார். (பெருந்தன்மை என்று முதலில் நினைத்தேன்.) இன்றும் அவருடைய புது மாணவர்கள் முதல் வாரத்தில் படிக்க வேண்டியது அதைத்தான். என்னை எங்காவது பார்த்தால், "வளையம் சேச்சி அல்லே?" என்கிறார்கள்.

அதைத் தாங்கிக்கொள்ளலாம். அப்பாவைத்தான் தாங்க முடியவில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை வருடத்துக்கொரு முறை அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டுமே. ஒரு வருடம் அப்பா மறந்துபோனார், ஓய்வூதியம் நின்றுவிட்டது. விசாரிக்க டிரஷரிக்குப் போய்விட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"மக்களே, உன்னைப்போல ஒரு ஆள் அங்கேயும் உக்காந்திருக்கா."

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் நான்தான் அவரைக் கூட்டிப்போகிறேன். கவுண்டருக்கு முன்னால் போனதும் அப்பா வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, தன் மெலிந்த காலை உள்ளே இருக்கும் பெண்ணுக்குக் காட்டுவார்.

"வளையம் இல்லை. ஆனா ஆளு இருக்கு. எழுதிக்கோங்க."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியாது. வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அப்பா முதலிலிருந்து கதையைச் சொல்லுவார். நான் பக்கத்தில் நின்று, எண்களில் தப்பு விட்டால் திருத்துவேன்.