தக்கை இறங்கினால் எத்தனை விசில்?

மீன் பிடிக்கக் கொஞ்சமும் லாயக்கில்லாத மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது தென்காசியில் எங்கள் தெருவில் இருந்த டபுள் விசில் அண்ணாச்சிதான். மீனுக்கு அமைதி வேண்டும். அண்ணாச்சி தன் வீட்டுக்குள் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டிலிருந்து சொம்போடு வருவார்கள்.

திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் விசில் கழுத்தை விட்டுப் போகவில்லை. பஸ் நிற்க ஒன்று, கிளம்ப இரண்டு என்பதுபோல, சோறு போதுமென்றால் ஒரு விசில், இன்னும் போடலாம் என்றால் இரண்டு. ஒரு தேரோட்டத்தில் பழக்கதோஷத்தில் ஒற்றை விசில் ஊதிவிட்டார். வடம் பிடித்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சமயம் எனக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வந்திருந்தது. என் மகள் கோமுவுக்கு யுகேஜி முடிந்ததும் கிளம்ப வேண்டும். அவளோ குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும் வழியில், சிற்றாற்றில் யாரோ தூண்டில் போடுவதைப் பார்த்துவிட்டாள். ஊரை விட்டுப் போவதற்குள் ஒரு மீன் பிடித்தே தீருவேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியும் விட்டாள். இனி அது குடும்ப கௌரவம்.

எனக்கு மீன் என்றால் குழம்பில்தான் பழக்கம். செல்போனில் வீடியோ பார்த்து, மூங்கில் குச்சியில் நைலான் நரம்பு கட்டி, பழைய ரப்பர் செருப்பை வெட்டி, மீன் கடித்தால் அமிழ்கிற தக்கை செய்தேன். மண்புழுக்களை என் மனைவியின் டிபன் பாக்ஸில் போட்டதற்கு வாங்கிய ஏச்சு தனிக்கதை. இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்த அண்ணாச்சி, "நானும் வாரேன் தம்பி. தண்ணிக்கிட்ட பிள்ளையப் பாத்துக்கிட ஒரு ஆள் வேண்டாமா?" என்றார். தெருக்கோடி வரை கேட்டது.

முதல் ஞாயிறு, சிற்றாற்றுப் பாலத்தருகே முழங்கால் தண்ணீர் ஓரமாக ஒரு படியில் உட்கார்ந்தோம். தூண்டில் முள் நனைவதற்குள் அண்ணாச்சி மீன்களைப் பார்த்து, "முன்ன வா, முன்ன வா, இங்கன எடம் கெடக்குல்லா" என்று ஆரம்பித்தார். மீன்கள் பயந்து பக்கத்து ஆறான கடனாநதிக்கே போயிருக்கும். எதிர்க்கரையில் தூண்டில் போட்டிருந்தவர், "அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவாப் பேசப்பிடாதா?" என்று கெஞ்சினார்.

"மெதுவாத்தானய்யா பேசுதேன்" என்று இவர் சொன்னதில், அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் கோமு உத்தரவு போட்டாள். "தாத்தா, பேசப்பிடாது. விசில் மட்டும்." அவள் தக்கையைப் பார்க்காமல் தும்பியைப் பார்ப்பவள். அதனால் ஏற்பாடு இதுதான்: இரண்டு விசில் என்றால் இழுக்க வேண்டும், ஒரு விசில் என்றால் அசையக் கூடாது. அண்ணாச்சி வாய்க்குள் கருப்பட்டி மிட்டாயை அடக்கிக்கொண்டு தக்கையை முறைத்தபடி உட்கார்ந்தார்.

தக்கை சடக்கென்று உள்ளே போயிற்று. அண்ணாச்சி ஊதினார். ஒரே ஒரு விசில்.

கோமு சிலையாகிவிட்டாள். "இழு, இழு" என்று நான் கத்துகிறேன். "ஒரு விசில்தானப்பா" என்கிறாள். மீன் நிதானமாகப் புழுவைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. பிள்ளை அழத் தொடங்கினாள்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"தக்கை எறங்கிச்சுல்லா தம்பி. ஆளு எறங்குனா சிங்கிள் விசில்தான. கை தன்னால போயிட்டு." அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

கோமு மூக்கைத் துடைத்துக்கொண்டே, "தக்கைய ஏன் பாக்கீங்க தாத்தா? கீழ மீனு ஏறுதுல்லா. ஏறுனா ரெண்டு விசில்" என்றாள்.

அண்ணாச்சி தலையில் தட்டிக்கொண்டார். "ஆமாட்டி. நான் எறங்குற வாசலையே பாத்துட்டு இருந்திருக்கேன்."

கடைசி ஞாயிறு. வீட்டில் சாமான்களெல்லாம் மூட்டையாகிவிட்டன. மனைவி நம்பிக்கையோடு மசாலா அரைத்து வைத்திருந்தாள். தக்கை இறங்கியது. அண்ணாச்சி உயிரைக் கொடுத்து இரண்டு விசில் ஊதினார். பாலத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த மினி பஸ் கிளம்பிவிட்டது. பாதிப் பேர் பின்னால் ஓடினார்கள். கோமு இழுத்த இழுப்பில் ஒரு ஜிலேபிக் கெண்டை படியில் வந்து விழுந்து துள்ளியது. நாங்கள் மூவரும் அதைவிட அதிகம் துள்ளினோம்.

வாளித் தண்ணீரில் நீந்திய அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கோமு, "இதுக்கு டிக்கெட் உண்டா தாத்தா?" என்றாள்.

பஸ் கம்பியில் பிள்ளைகளை நிறுத்தி உயரம் பார்ப்பதுபோல, அண்ணாச்சி மீனைத் தூண்டில் குச்சியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "கெடையாதுட்டி. சின்னப் பிள்ளை."

"அப்ப எறக்கி விட்டுருவோம். அவ அம்மா தேடுவா."

நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி ஒற்றை விசில் கொடுத்தார். மீன் இறங்கிப் போனது. அரைத்த மசாலா உருளைக்கிழங்குக்கு ஆயிற்று.

ஈரோட்டுக்குக் கிளம்பிய அன்று அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வாய் நிறையக் கருப்பட்டி மிட்டாய். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. கீழேயிருந்து ஒரு ஒற்றை விசில். டிரைவர் பிரேக் போட்டார்.

"யாருய்யா எறங்கணும்?" என்று கண்டக்டர் எரிந்து விழுந்தார். யாரும் இறங்கவில்லை. அண்ணாச்சி எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இது பழக்கதோஷமில்லை.

கோமு ஜன்னல் வழியாக இரண்டு விரலைக் காட்டினாள். அவர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.