என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிகிற சட்டை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வாரமாக எதையும் அடித்துச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். காரணம், நீங்கள் அன்போடு அனுப்பிய ஸ்ப்ரே டப்பா.

விடியுமுன் உங்கள் மாமியாரை சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சமையலறை வாசலில் ஐந்தரைக்குள் இறக்கிவிடுவதுதான், அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு மிஞ்சிய ஒரே உத்தியோகம். போன மாதம் இருட்டில் பால் வேன் கைப்பிடியை உரசிவிட்டுப் போனதும், "இனிமே சைக்கிளைத் தொட்டீங்கன்னா நேர்ல வந்து பூட்டிட்டு சாவியை எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று மகள் போனில் அழுததும், "இதை அடிச்சுக்கோங்க மாமா, தூரத்துலேயே பளிச்சுன்னு தெரிவீங்க" என்று நீங்கள் டப்பா அனுப்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

டப்பாவில் எழுதியிருந்த மொழி எனக்குத் தெரியாது. குலுக்கினேன். உள்ளே ஒரு குண்டு உருண்டது. மட்கார்டில் அடித்தேன். உஸ்ஸென்று சத்தம் வந்தது, வாடை வந்தது, நிறம் மட்டும் வரவில்லை. இன்னும் அடித்தேன். சைக்கிள் கடைக்காரரிடம் தள்ளிக்கொண்டு போனால், அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது வெறும் காத்து. காத்தை டப்பாவுல அடைச்சு வித்திருக்கான். எங்கிட்ட வந்தா பம்புல சும்மாவே அடிச்சிருப்பேனே" என்றார். மாப்பிள்ளை அனுப்பியது காற்றாக இருக்காது, கோளாறு என் கண்ணில்தான் என்று முடிவுகட்டி கண் டாக்டரிடம் ஓடினேன். முப்பது வருடம் விட்டுப்போன புள்ளிகளைப் பிடித்த கண் ஐயா இது! சுவர் அட்டையில் கடைசி வரிவரை படித்து, அதில் இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளி அதிகம் என்றும் சுட்டிக்காட்டினேன். "கண்ணுல ஒண்ணும் இல்லை, போங்க" என்றார். ஒன்றுமே இல்லையா என்று பதறி, வாசல்வரை போனவன் திரும்பி வந்து கேட்டு, திட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, எதிலாவது தெரிகிறதா பார்ப்போம் என்று என் சாம்பல் நிறச் சட்டை, சைக்கிள் கம்பிகள், உங்கள் மாமியாரின் சாப்பாட்டுப் பை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் அடித்துத் தீர்த்தேன். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை பாலத்தடியில் போகிறோம், எதிரே வந்த அதே பால் வேன் நாற்பதடி தள்ளியே கிறீச்சென்று நின்றது. டிரைவர் குதித்து ஓடிவந்தார். "அப்பாடா, தலை இருக்கு! ஒரு சட்டை மட்டும் தனியா ஜொலிச்சுக்கிட்டு வருதேன்னு கதி கலங்கிட்டேங்க!" குனிந்து பார்த்தேன். அதே சாம்பல் சட்டை. "எங்கே ஜொலிக்குது?" என்றேன். "என் சீட்டுல உக்காந்து பாருங்க" என்றார். ஏறி உட்கார்ந்தேன். அடேயப்பா! சைக்கிள் கம்பிகள் வெள்ளிபோல் மின்னின, சாப்பாட்டுப் பை தகதகத்தது. சட்டையோ என்னோடு வேனுக்குள் இருந்தது. இறங்கி ஓடிப்போய் விளக்குக்கு முன்னால் நின்று குனிந்தால் மறுபடியும் சாம்பல். திரும்ப ஏறினேன், திரும்ப இறங்கினேன். "வெளிச்சம் யார்கிட்டேர்ந்து வருதோ அவங்களுக்கே திரும்பிப் போகுதுங்க, நடுவுல இருக்கற உங்களுக்குத் தெரியாது" என்றார் டிரைவர். நான்காவது முறை நான் ஏறியபோது உங்கள் மாமியார், "நேரமாச்சு, இறங்குங்க" என்று என்னை இறக்கிவிட்டு, தான் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கடைகளுக்குப் பால் போட்டுவிட்டு வேன் ஆஸ்பத்திரிக்கும் போகுமாம், இனி முதலில் அங்கேதானாம். "தினமும் கூட்டிட்டுப் போறேன், நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, என்னை ஊருக்கே காட்டிய டப்பா என் ஒரே வேலையையும் பறித்துவிட்டது. நான்கு நாளாக விழிப்பு மட்டும் நாலரைக்கே வருகிறது. எழுந்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. சைக்கிளைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடத் தீர்மானித்துவிட்டேன். மகளிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள். தயவுசெய்து இனி எதுவும் அனுப்ப வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், போகிற வழியெல்லாம் பத்திரமாகப் போய்வர ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் மாமியார் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். சைக்கிளை வெளியே எடுத்தவள், ஏறி மிதித்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்! பள்ளிக்கூட நாளிலேயே ஓட்டத் தெரியுமாம். "முப்பத்தெட்டு வருஷமா ஏன் சொல்லலை?" என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க? வேன்ல பேச்சுத்துணையே இல்லை. நாளைக்கு நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி உக்காருங்க" என்கிறாள். எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இன்னொரு டப்பா உடனே அனுப்பவும். சட்டையின் முதுகுப்பக்கம் அடிக்காமல் விட்டுப்போயிற்று.