செண்பகனூரில் நான் பார்த்த இடம்

நான் பெண் பார்க்கப் போனது எனக்கே தெரியாது. போய், பஜ்ஜி தின்று, பெண்ணின் அப்பாவை ஒன்றரை மணி நேரம் தோட்டத்தில் நிற்க வைத்து, குறைகளை நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பி வந்து, நான்கு நாள் ஆன பிறகுதான் தெரிந்தது. பெண் பார்க்கப் போய் அசடு வழிந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கெல்லாம் எதற்குப் போகிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் இளநிலைப் பொறியாளர். (இளநிலை என்றால் அளவுக் கருவியின் முக்காலியைத் தூக்குகிறவர்.) கொடைக்கானல் ஊருக்குள் நெரிசல் தாங்கவில்லை, ஏரிப் பக்கமே போகாமல் மேல்மலைக் கிராமங்களுக்குப் போக ஒரு புறவழிச்சாலை போட முடியுமா என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்களிடம் வந்திருந்தது. மூன்று வழிகளை வரைபடத்தில் போட்டிருந்தோம். அதில் இரண்டாவது வழி, செண்பகனூருக்குக் கீழே சரிவுத் தோட்டங்களுக்குள் புகுந்து போனது. அதை நேரில் போய் அளக்கும் பொறுப்பு எனக்கு. சொந்த ஊர் அந்த மேல்மலையில் இருக்கும் போளூர், பூண்டு விவசாயக் குடும்பம். 'லோக்கல் பையன், ஜனங்களோடு பேசத் தெரியும்' என்று சொல்லித்தான் மேலதிகாரி என்னை அனுப்பினார். கூடவே ஒரு கட்டளை: முடிவாகும்வரை 'ரோடு' என்ற வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது.

அதே வாரம் அம்மா போன் செய்தாள். செண்பகனூரில் ஒரு இடம் வந்திருக்கிறது, போட்டோ கொடுத்தாயிற்று, பொண்ணு டவுனில் டீச்சர், நீயே ஒரு நாள் போய்ப் பார்த்துவிடுகிறாயா என்று கேட்டிருக்கிறாள். 'கேட்டிருக்கிறாள்' என்று சொல்வதற்குக் காரணம், நான் அதைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் சம உயரக் கோடுகளைச் சரிபார்த்தபடியே எல்லாவற்றுக்கும் "ம்" சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் சனிக்கிழமை காலையில் வருவான் என்று அம்மா அவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை என்பதும் நான் 'ம்' சொன்ன ஒரு கிழமைதானாம்.

அந்தச் சனிக்கிழமை வெள்ளனே கிளம்பி, ஆரஞ்சு நிற மேல்சட்டை, முக்காலி, அளவுக் கருவி சகிதம் இறங்கினேன். கருவிக்கு எதிரே, கண்ணாடி பொருத்திய கம்பைப் பிடித்து நிற்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஆள் டவுனுக்குள் பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தார். சுற்றுலா வண்டிகள் நகரவில்லை என்று போனில் சொன்னார். நெரிசலைத் தீர்க்கப் போகிறவர்களே நாங்கள்தான் என்பதால் நான் அவரைத் திட்டவில்லை.

பீன்ஸ் தோட்டத்து வாசலில் ஒருவர் நின்றிருந்தார். பெருமாள் என்று பின்னால் தெரிந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தோட்ட வேலைக்கு இது அதிகம் என்று நினைத்தேன்.

"வாங்க தம்பி. போளூர்த் தம்பிதானே?"

நிலம் அளக்க ஆள் வருவார் என்ற அலுவலகக் கடிதம் இவ்வளவு விவரமாகப் போயிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். "ஆமாங்கய்யா. இடம் பாக்க வந்திருக்கேன்" என்றேன்.

"தெரியும் தம்பி, காத்துக்கிட்டுத்தான் இருக்கோம். பெரியவங்க யாரும் வரலீங்களா?"

"மொதல்ல நான் பாத்துச் சொல்லணுங்க. தோதா இருந்தாத்தான் பெரியவங்க வருவாங்க."

அவர் முக்காலியை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. (படித்த பிள்ளை, ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தாராம்.) கம்பைப் பிடிக்க முடியுமா என்றேன். பிடித்தார். இடது பக்கம் என்று கை காட்டினால் இடது பக்கம் போனார். வாய்க்காலுக்குள் என்றால் வாய்க்காலுக்குள் இறங்கினார். வெள்ளை வேட்டி முழங்கால் வரை சேறானது. இவ்வளவு ஒத்துழைப்புத் தருகிற பொதுமக்களை நான் பார்த்ததே இல்லை.

மேல்பக்கம் மூத்த மகளுக்கு, கீழ்ப்பக்கம் சின்னவளுக்கு என்று அவராகவே எல்லை காட்டினார். நில உரிமை விவரம் தானாகக் கிடைக்கிறதே என்று எழுதிக்கொண்டேன். எழுதியதோடு நின்றிருக்கலாம். "பத்திரமெல்லாம் சரியா இருக்குங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. எடுத்துவரச் சொல்லட்டுமா என்றார். இப்போது வேண்டாம், பின்னால் கேட்பார்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது. பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் காபி கொண்டுவந்தாள். வீட்டில் ஏதோ விசேஷம் போலிருக்கிறது, இடைஞ்சலாக வந்துவிட்டோமே என்று வருந்தினேன். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. வரைபடத்தின்படி சாலையின் நடுக்கோடு எதிர்ச்சுவர் வழியாகப் போவதால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, எப்படி இருக்கு?" என்றார் பெருமாள் ஐயா.

"பாக்க நல்லாத்தான் இருக்குங்க. கீழ்ப்பக்கம் கனம் தாங்குமான்னுதான் சந்தேகம். சோதிச்சுப் பாக்கணும்."

அந்தப் பெண் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தாள்.

"வேற இடமும் பாக்குறீங்களோ?"

"மூணு பாக்குறோம். இது ரெண்டாவது. எதுல சிக்கல் கம்மியோ அத முடிச்சிருவோம்."

காபித் தட்டு உள்ளே போய் வேகமாக வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. நான் கடைசியாக ஒரு உதவி கேட்டேன். நடுக்கோடு அடுப்படிக்குள் போகிறது, அங்கேயும் ஒரு அளவு எடுத்துக்கொள்ளலாமா? பெருமாள் ஐயா கம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய், மாவரைக்கும் கிரைண்டர் பக்கத்தில் நின்றார்.

நான்கு நாள் கழித்து அப்பா கூப்பிட்டார். அப்பா போனில் பேசுகிற ஆளே இல்லை.

"ஏலே, பொண்ணு பாக்கப் போன வீட்ல அடுப்படிக்குள்ள போயி எதடா அளந்த?"

பிறகு அவர் சொல்லச் சொல்ல, நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் புது அர்த்தத்தோடு திரும்பி வந்தது. பத்திரம். ரெண்டாவது. கனம் தாங்காது. பெருமாள் ஐயா கோபப்படவில்லையாம், தம்பிக்கு வேற நல்ல இடமா அமையட்டும் என்று மட்டும் சொன்னாராம். ஆனால் மூத்த மகளை மேல்மலையில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சேதி அந்த வழியாகப் போளூருக்கு வந்து, அப்பாவால் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை.

என்னிடம் இருந்த விளக்கம் ஒன்றே ஒன்றுதான். அது குற்றத்தைவிட மோசமாக இருந்தது. இருந்தாலும் அடுத்த பஸ் பிடித்துப் போனேன். பெருமாள் ஐயா வீட்டில் இருந்தார். மகள் வளர்மதி பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து கைப்பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள். மேலதிகாரியின் கட்டளையை மீறினேன்.

"நான் அன்னைக்குப் பொண்ணு பாக்க வரலைங்கய்யா. பைபாஸ் ரோட்டுக்கு அளக்க வந்தேன். நான் சொன்னதெல்லாம் நிலத்தத்தான்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப எம் மகளக் கொற சொல்லலையா?"

"சத்தியமா இல்லைங்க."

நான்கு நாளாகச் சாப்பாடு இறங்காத மனிதர் அவர். செம்பை எடுத்து நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"ரோடு எது வழியா?" என்றார்.

நான் அடுப்படியைக் காட்டினேன்.

அந்த வீட்டில் அடுத்ததாகப் பேசியது வளர்மதிதான். சத்தம் போடவில்லை. டவுனில் பஸ் நகராமல் நின்று வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போகிறேன், ரோடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்றாள். "ஆனா இந்தக் கீழ்ப்பக்கம் மழை விட்டும் பத்து நாளைக்குத் தண்ணி கசியும். நீங்க வெயில் நேரத்துல வந்து அளந்துட்டுப் போறீங்க. இங்க போட்டா அந்த ரோடு நிக்காது. தோண்டிப் பாத்துட்டு எழுதுங்க."

மறுநாள் ஆளோடு வந்து தோண்டினேன். இடுப்பளவு போகும் முன்பே ஊற்று பீறிட்டது. மூன்று நாள் இறைத்தும் வற்றவில்லை. கீழ்ப்பக்கம் கனம் தாங்காதுதான். இரண்டாவது வழி உகந்ததல்ல என்று காரணத்தோடு அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

அப்பாவும் அம்மாவும் முறைப்படி போய் மன்னிப்புக் கேட்டு, பெண்ணும் கேட்டு, பூ வைத்துவிட்டு வந்தார்கள். எதற்காகச் சம்மதித்தாய் என்று வளர்மதியிடம் பிறகு கேட்டேன். "வந்துட்டுப் போய்ப் பதிலே சொல்லாதவங்க நாலு பேரு. தப்ப ஒத்துக்கத் திரும்பி வந்தது நீங்க மட்டுந்தான்" என்றாள். மற்றபடி என்னிடம் சிறப்பாக எதுவும் தெரியவில்லையாம்.

கல்யாணப் பத்திரிகையை மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, மேஜையில் கிடந்த என் அறிக்கையின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் படித்தார். விலாசம் ஒன்றுதான். வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு, ஊற்றைப் பார்க்கத் தானே கிளம்பினார். போனார், பார்த்தார், பேண்ட் நனையத் திரும்பினார். ஆனாலும் முழுசாக நம்பிய மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மற்ற இரண்டு வழிகளும் காட்டுக்குள் போவதால் அனுமதி கிடைக்கவில்லை. நான் வேறு வேலைக்குப் போய்ப் பல வருடமாகிறது, கோப்பு எங்கே இருக்கிறதோ தெரியாது. டவுனுக்குள் வண்டிகள் இன்றும் அப்படியேதான் நிற்கின்றன. பூண்டு ஏற்றிய லாரியில் பாதி நாள் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள், மாமனார் வீட்டுக்காக ரோட்டை நிறுத்தினவன் என்றுதான் என்னைக் குறிப்பிடுகிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வளர்மதியும், வண்டி நின்று அரை மணி ஆனதும், எங்க அடுப்படியை இந்நேரம் தாண்டியிருக்கலாம் என்கிறாள்.

ஊற்றை நேரில் பார்த்த மாமனாராவது உண்மையைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர்தான் எல்லாரையும்விட மோசம். வருகிற விருந்தாளிகளையெல்லாம் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், "எம் மகளுக்காக, தண்ணி ஊறுதுன்னு ஒரு பொய்ய எழுதிக் குடுத்து ரோட்டையே தள்ளி வெச்சாரு எங்க மாப்ள" என்று பூரிப்போடு சொல்கிறார். அந்தக் குழியில் மோட்டார் போட்டு, அதே தண்ணீரைக் குழாயால் பீன்ஸுக்குப் பாய்ச்சியபடிதான் இதைச் சொல்கிறார்.