விடிவதற்குள் இறங்கிவிடும் சார்ஜ்

மயிலாப்பூர்,
செவ்வாய் இரவு

அன்புள்ள அம்பி அண்ணாவுக்கு,

ரஞ்சனி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. நீயும் மன்னியும் குழந்தைகளும் ஐதராபாத் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன், நம்பாதே.

கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறாளே என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் வாயைத் திறப்பதற்குள் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியோ?" என்று கேட்கிறாய். பண்ணினேன். அதற்கப்புறம் நடந்ததை நீ குறுக்கே பேசாமல் கேட்க இது ஒன்றுதான் வழி.

நீ வாங்கித் தந்த லாப்டாப்பில் சார்ஜ் நிற்கவில்லை. படுக்கப் போகும்போது நூறு இருக்கிறது, காலையில் பார்த்தால் இருபதுகூட இல்லை. ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டால் பேட்டரி கெட்டுவிடும், நிரம்பியதும் வயரைப் பிடுங்கி வை என்று நீதான் சொன்னாய், அதை விரதம் மாதிரி கடைப்பிடிக்கிறேன். காலையில் போடலாம் என்றால் மதுவந்தி எழுந்துவிடுகிறாள். வீடு நிறைய பொம்மை இருக்க, ஒன்றரை வயதுக் குழந்தை வயரைத்தான் கடிக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டால் மடியில் ஏறிக் கீபோர்டில் தாளம் போடுகிறாள் என்பதால் ஸ்டோர் ரூமில் அரிசி டிரம் மேல் லாப்டாப்பை வைத்து, கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் எனக்கு ஆபீஸ் மீட்டிங். அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. அரிசிக்கு எதற்குக் கரண்ட் என்று இந்த ஃபிளாட்டைக் கட்டினவர் நினைத்திருக்கிறார். போன வாரம் ஒரு கஸ்டமரிடம் "இப்பதான் முக்கியமான விஷயத்துக்கு வரேன்" என்றேன், திரை அணைந்தது. அந்த முக்கியமான விஷயம் என்ன என்று இதுவரை அவருக்குத் தெரியாது. இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. எங்கள் மேனேஜர் ஆயத் மேடம் கத்துகிறவராக இருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்: "உங்க கஷ்டம் புரியுது ரஞ்சனி. வெள்ளிக்கிழமை டெமோவும் பாதியில போச்சுன்னா, பொங்கலுக்கு அப்புறம் தினம் ஆபீஸுக்கே வந்துடுங்க." ஆபீஸ் அடையாறில்தான் இருக்கிறது, அந்தமானில் இல்லை. ஆனால் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் நான் போய்த் திரும்புவதற்குள் மதுவந்தி நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டு "மாமி, நீங்க யாரு?" என்று கேட்பாள்.

வெளிச்சத்தைக் குறை என்றாய், குறைத்தேன். ஸ்டோர் ரூம் இருட்டில் ஒன்றும் தெரியாமல் நான் திரையை ஒட்டிக் குனிந்ததில், மீட்டிங் முழுக்க எல்லாருக்கும் என் நெற்றிப்பொட்டு மட்டும் தரிசனமாம். திருவல்லிக்கேணியில் காஷிஃப் என்பவரின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்துவிட்டு, "பேட்டரி சூப்பரா கீதுக்கா. ஹீட்டுதான் மேட்டரு. இன்னா பண்றீங்கோ வூட்ல, இதுல வடை சுடுறீங்களா? ஜில்லுனு வெச்சுக்கோங்கோ, அவ்ளோதான்" என்றார். அன்று ராத்திரி ஹாலில் ஃபேனை முழு வேகத்தில் விட்டு அதற்கு நேர் கீழே வைத்தேன். காலையில் சார்ஜ் இன்னும் குறைந்திருந்தது. பெட்ரூம் கதவு திறந்திருந்ததால் அந்தக் காற்றில் குழந்தைக்கு ஜலதோஷம்.

பிறகு, எந்த வேலை பேட்டரியைத் தின்கிறது என்று பார்க்கச் சொன்னாயே, அதைப் பார்த்ததிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. மதுவந்திக்குப் போடும் வாத்துப் பாட்டு ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. ஒரு நாள் இல்லை, தினமும். மதுவந்தி என் சங்கிலியை முஷ்டியில் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். மாமியாரோ போனில் ஒரு குட்மார்னிங் அனுப்பவே என்னைக் கூப்பிடுகிறவர். மிச்சம் நம் வீட்டு மாப்பிள்ளை ஷ்ரவண்தான். பேங்க்கில் ஆடிட் பார்க்கிற மனுஷன் எல்லாரும் தூங்கினபின் எழுந்து உட்கார்ந்து வாத்தைப் பார்க்கிறார் என்றால் உள்ளே என்ன துக்கம் இருக்கும், சொல்லு. நேற்று பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன்.

"மனசுல ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லலாமே?"

"எனக்கென்ன, நன்னாத்தானே இருக்கேன்."

"இல்ல, குழந்தைப் பாட்டெல்லாம் கேக்கணும்னு அப்பப்ப தோணறதோ?"

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ரெண்டாவது பத்தி யோசிக்கறயா ரஞ்சு?"

அதிலிருந்து விசிலடித்துக்கொண்டு திரிகிறார். எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. இருக்கிற ஒன்றை வெச்சுண்டே ஸ்டோர் ரூம்ல ஒளிஞ்சுக்கறேன், ரெண்டுன்னா அரிசி டிரம்முக்குள்ளயே போகணும்.

ஆகவே அண்ணா, உன் காலில் விழுந்து கேட்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி ஒரு புது பேட்டரி கூரியரில் அனுப்பு. நல்ல டாக்டர் யாராவது தெரிந்தாலும் சொல்லு. பேட்டரிக்கு இல்லை, ஷ்ரவணுக்கு. மன்னிக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், எனக்கு யாராவது பண்ணினால் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை
ரஞ்சனி

பின்குறிப்பு: புதன் காலை. மேலே எழுதினது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. போட்டோ எடுக்க நல்ல லைட் வேண்டுமே என்று விடியற்காலையில் சமையலறைக்குப் போனேன். மேடை மேல் என் லாப்டாப், மூடியும் மூடாமலும். நடுவில் ஒரு தோசைத் திருப்பி செருகியிருக்கிறது. பக்கவாட்டில் காற்று வரும் இடத்தை ஒட்டி எவர்சில்வர் பாத்திரம், இரண்டுக்கும் சேர்த்து ஒரு துண்டு போர்த்தியிருக்கிறது. திரையில் வாத்து சத்தமில்லாமல் நீந்துகிறது. கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த மாமியார் பதறக்கூட இல்லை.

"மார்கழில உறைகுத்தினா தயிர் தோயவே மாட்டேங்கறதுடீ. இதுல ஓரமா நன்னா சூட்டுக்காத்து வரது. சும்மா வெச்சா பத்தல, வாத்து ஓடினாத்தான் வரது. முழுக்க மூடினா ஆறிப் போயிடறது. நடுவுல ஒரு நாள் நீ ஃபேனுக்கு அடில வெச்சுட்ட, அன்னிக்கு சூடேத்தறதுக்குள்ள போறும் போறும்னு ஆயிடுத்து."

"பாஸ்வேர்ட் எப்படிம்மா தெரியும்?"

"குழந்தை பொறந்த நாள்தானே? தெருவுக்கே தெரியும்."

பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். தயிர் அசையவில்லை. கெட்டித் தயிர் இல்லாவிட்டால் மதுவந்தி சாதத்தைத் துப்புகிறாள், நான் ஸ்டோர் ரூமில் இருக்கும்போது அவளுக்கு ஊட்டுகிறவர் இவர்தான். பேட்டரி வேண்டாம். டாக்டரும் வேண்டாம். மடில வெச்சா தொடை வெந்துபோறதுன்னு உன் பழைய லாப்டாப்பைப் பரண்ல போட்டியே, அதை வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடு. மாமியார் இங்கே பக்கத்திலேயே நிக்கறார். அது ஒரு லிட்டர் தாங்குமா, அரை லிட்டர்தானான்னு கேக்கச் சொல்றார்.