எமில் விலைபேசி வாங்கிய வியாழக்கிழமை

நாற்பது நிமிடம் போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு காத்திருந்த பிறகுதான் வானொலியின் நேயர் நிகழ்ச்சியில் எமில் ஹுடாக்கின் முறை வந்தது.

“லோரெய்ன்லேர்ந்து எமில் பேசறேன். பழைய கார் விக்கிறவன். இருபத்திரண்டு வருஷமா டிராஃப்டை சனிக்கிழமை பகல்ல பார்த்துட்டு வர்றேன். அதை வியாழக்கிழமை ராத்திரி ஏழரைக்கு மாத்தின மடையன் யாரு?”

“நாடே டிவி முன்னால உக்கார்ற நேரம் சார் அது. விளம்பரம் நல்லா...”

“நாடு உக்காரட்டும்! நான் எங்கேய்யா உக்கார்றது?”

இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். எமில் வானொலிப் பெட்டியை முறைத்தபடி மற்றவர்கள் பேசுவதைக் கேட்டான். இரும்பு ஆலையில் இரண்டாம் ஷிப்ட் பார்ப்பவன் ஒருவன், கொதிக்கிற உலையை விட்டுவிட்டு எப்படிப் பார்ப்பது என்று கிட்டத்தட்ட அழுதான். இன்னொருவன், சனிக்கிழமையைத் தொட்டவன் உருப்படமாட்டான் என்று சாபம் கொடுத்தான். அடுத்து வந்தது ஒரு பெண் குரல்.

“எனக்கு ரொம்ப சந்தோஷம். இனிமே சனிக்கிழமை என் வீட்டுக்காரர் புல்லு வெட்டுவார்.”

எமில் வானொலியை அணைத்தான்.

டிராஃப்ட் என்பது, கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அணிகள் வரிசையாக நின்று ஆளுக்கொருவராகப் பொறுக்கியெடுக்கும் வைபவம். போன வருஷம் அதிகம் தோற்ற அணிக்கு முதலில் முறை வரும். முறை வேண்டாமென்றால் இன்னொரு அணிக்கு விற்றுவிட்டு, பின்னால் வரும் முறைகள் இரண்டு மூன்றை வாங்கிக்கொள்ளலாம். லோரெய்ன்காரர்களின் அணி தோற்பதில் என்றைக்கும் பின்வாங்கியதில்லை. ஆகவே ஜெயிக்கிற ஊர்களுக்கு ஜனவரியில், கடைசி ஆட்டங்களின்போது திருவிழா என்றால் இவர்களுக்கு ஏப்ரலில் திருவிழா.

அந்தத் திருவிழாவின் மூலஸ்தானம் எமில் வீட்டுக் கீழ்த்தளம். அங்கேதான் நாற்காலி இருந்தது.

உண்மையில் அது நாற்காலி இல்லை. நொறுங்கிப்போன எழுபத்துநாலாம் வருஷத்துக் காடிலாக் காரிலிருந்து எமில் தன் கையால் கழற்றியெடுத்த முன் இருக்கை. சிவப்புத் தோல். உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதற்கு மூன்று சட்டங்கள். எமிலே மை பேனாவால் சுவரில் எழுதி வைத்திருந்தான். நம் அணிக்கு முதல் முறை வரும்போது அது என்ன செய்யும் என்று எல்லாரும் எழுதி, உறையில் போட்டு ஒட்ட வேண்டும். சரியாக எழுதியவனுக்கு அடுத்த ஏப்ரல் வரை நாற்காலி, எவனும் சரியாக எழுதாவிட்டால் பழையவனுக்கே. நாற்காலியில் இருப்பவன் கையில்தான் ரிமோட், அவன் வாயில்தான் செய்தி. பார்க்க வராதவனிடம் அவனைத் தவிர வேறு எவனும் வாய் திறக்கக் கூடாது.

சட்டம் எழுதியவன் அந்த இருக்கையில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக உட்கார்ந்திருப்பவன் பக்கத்து வீட்டு லூ ஃபெரன்ஸ். சொந்த வீட்டில், சொந்த நாற்காலிக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட பால் பெட்டியின்மேல் எமில் உட்கார்ந்திருந்தான். போதாக்குறைக்கு லூ அவ்வப்போது, “எமில், முதுகுப்பக்கம் ஸ்பிரிங் குத்துதுப்பா, கொஞ்சம் பாரேன்” என்பான்.

இந்த வருஷம் அது நடக்காது என்று எமில் கர்த்தர் மேல் ஆணையிட்டிருந்தான். காரணம் இருந்தது. அணியின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் ஒருவன் எமிலிடம் வேன் வாங்க வந்தான். விலை இறங்காமல் நின்றபோது, மெல்லக் காதோரம் வந்து, “நம்ம அணி எடுக்கப்போறது ட்வெய்ன் ஸ்பிவி. சட்டையில பேர் தைச்சாச்சு” என்றான். எமில் வாழ்நாளில் முதல்முறையாக எதிர்பேச்சுப் பேசாமல் விலையைக் குறைத்தான்.

ஆக, ஜெயிப்பது உறுதி. பாக்கி ஒரே ஒரு சிக்கல். வியாழக்கிழமை ராத்திரி.

வீட்டிலிருந்த ஒரே டிவி கீழ்த்தளத்தில் இருந்தது. அது அவன் மனைவி பெர்நடெட் தேவாலயக் குலுக்கலில் ஜெயித்தது. வியாழக்கிழமைதோறும் பாடகர் குழுப் பெண்கள் நாலு பேருடன் அவள் அதில் ஆஸ்பத்திரி நாடகம் பார்ப்பாள். அந்த ஒரு மணி நேரம் எமில் தும்மினால்கூட மேலே போய்த் தும்ம வேண்டும். பாருக்குப் போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். நாற்காலி பாரில் இல்லையே.

பேரத்தில் எமிலுக்குச் சில கொள்கைகள் உண்டு. வேண்டியதை வேண்டாததுபோல் பார்க்க வேண்டும். முதல் விலையை எதிராளி சொல்ல வேண்டும். எதிராளி எது கேட்டாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தான். பெர்நடெட் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

“ஏன் பெர்னி, அந்த ஆஸ்பத்திரி நாடகம் இன்னும் ஓடுதா?”

“ஓடுது.”

“அந்த டாக்டர் செத்துட்டான்னு சொன்னியே?”

“திரும்பி வந்துட்டான். என்ன வேணும் உனக்கு?”

“எனக்கென்ன வேணும்? சும்மா கேட்டேன்.”

“பழைய கார் வாங்க வர்றவன் டயரை உதைச்சுப் பார்ப்பான் பாரு, அந்த மாதிரி என் நாடகத்தை உதைச்சுப் பார்க்கிறே. வியாழக்கிழமை வேணுமா?”

எமிலுக்கு முகம் சிவந்தது. இருந்தாலும் கொள்கையை விடவில்லை.

“வேணும்னு யாரு சொன்னா? குடுத்தா வாங்கிக்குவேன். நீயே சொல்லு, என்ன எதிர்பார்க்கிறே?”

“வில்மா பொண்ணு கல்யாணம் வருது.”

வில்மா பெர்நடெட்டின் தங்கை. லோரெய்ன் பக்கத்துக் கல்யாணத்தில் கேக்கை எவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பலகார மேசைதான் கௌரவம். உறவுப் பெண்கள் எல்லாரும் கூடி வாதுமையும் ஆப்ரிகாட் பழமும் வைத்து மடித்த கொலாச்சி என்ற பலகாரத்தைச் சுட்டு அடுக்குவார்கள். மேசை நிரம்பாவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நிற்காது.

“மூவாயிரம் கொலாச்சி சுடணும். தேவாலயக் கூடத்துல மூணு நாள் வேலை. வியாழக்கிழமை நானும் என் கூட்டாளிங்களும் போறோம். டிவி உனக்கு. வெள்ளியும் சனியும் என் இடத்துல நீ போய் வாதுமை அரைக்கணும்.”

எமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு ராத்திரிக்கு ரெண்டு நாளா! கொள்ளைக்காரி! நானே இப்படிக் கேட்டதில்லை எவன்கிட்டயும்!”

“கேட்டிருக்கே. லூவோட அம்மாகிட்ட, கார் வித்தப்போ.”

உள்ளுக்குள் எமிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வியாழக்கிழமைதான் முதல் சுற்று. வெள்ளியும் சனியும் மிச்சம் மீதி பொறுக்குகிற நாட்கள். வெறும் உமி. உமியைக் கொடுத்து அரிசியை வாங்கப்போகிறான். இருந்தாலும் பழக்கம் விடுமா? வெள்ளிக்கிழமை மட்டும் என்றான். அவள் உருளைக்கிழங்கைச் சீவினாள். வெள்ளி முழுக்க, சனி பாதி என்றான். அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். கடைசியில் பெருமூச்சு விட்டு, பிள்ளையைத் தத்துக்கொடுப்பவன் முகத்தோடு, “சரி, ரெண்டு நாளும்” என்றான்.

“இன்னொண்ணு. நானும் ஒரு உறை போடுவேன்.”

“நீயா? உறையா? பந்து எந்தப் பக்கம் போகணும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாட்டி உனக்கென்ன நஷ்டம்? கார் வாங்கறவனுக்குக் கால்மிதி இனாமாக் குடுக்கறதில்லையா? அந்த மாதிரி போட்டுக் குடு.”

கால்மிதி! எமில் தாராளமாகச் சிரித்தான். கொடுத்தான். அதோடு நில்லாமல், அவள் பின்னால் பேச்சு மாறிவிடக் கூடாதே என்று கடைப் பட்டியல் தாளில் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் ‘என்ன நடந்தாலும் சரி’ என்று தானே ஒரு வரி சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்கள். அவளுடைய நீல உறையை வாங்கித் தகர டப்பாவில் போட்டான். அன்று ராத்திரி பல் தேய்க்கும்போதும் விசிலடித்தான்.

வியாழக்கிழமை வந்தது. பெர்நடெட் ஒரு பெரிய பாத்திரம் நிறைய முட்டைக்கோஸ் உருண்டை செய்து வைத்துவிட்டு, கூட்டாளிகளோடு காரில் ஏறிப் போனாள். பன்னிரண்டு ஆண்கள் கீழ்த்தளத்தில் குவிந்தார்கள். இரும்பு ஆலைக்காரர்கள் இரண்டு பேர் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, உடம்பு நிறையத் தெம்போடு வந்திருந்தார்கள். லூ நாற்காலியில் அமிழ்ந்தான். எமில் பால் பெட்டியில் உட்கார்ந்தான், கடைசி முறையாக.

“நல்லா சாஞ்சுக்கோ லூ. ஆசை தீர உக்காந்துக்கோ.”

“என்னப்பா, ரொம்பத்தான் கருணையா இருக்கே?”

“தூக்குக்குப் போறவனுக்குக் கறி சோறு போடறதில்லையா?”

ஏழரைக்குத் திரை பளபளத்தது. விளக்கு என்ன, இசை என்ன, அழகிகள் என்ன! சனிக்கிழமைப் பகல்களில் கசங்கிய சட்டையோடு வந்து பேசிய கிழவர்கள் எல்லாம் முகத்துக்கு மாவு பூசி மாப்பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

“இது டிராஃப்டா, டான்ஸா?” என்றான் ஒருவன்.

“சனிக்கிழமைன்னா மேலே கறி சிந்தினாலும் தெரியாது. இதுக்கு நாமளே டை கட்டணும் போலிருக்கே” என்றான் இன்னொருவன்.

திட்டிக்கொண்டே பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கத் திட்டு குறைந்தது. ஐந்தாவது முறை தாண்டியதும் எல்லாரும் திரையை நெருங்கி வந்தார்கள். நம் அணியின் முறை ஏழாவது. ஆறு அணிகள் ஆறு பேரைத் தூக்கிப் போய்விட்டன. ட்வெய்ன் ஸ்பிவியை எவனும் தொடவில்லை!

எமில் எழுந்து நின்றான். மேல்கோட்டைச் சரிசெய்தான். நாற்காலியின் அருகே போய், அதன் சிவப்புத் தோலை உள்ளங்கையால் துடைத்தான்.

“எழுந்திரு லூ.”

“பத்து நிமிஷம் டைம் இருக்குப்பா.”

“நீ உக்காந்தே இருந்தா சீட்டு சூடாயிடும். எழுந்திரு.”

மேடையில் கோட்டு போட்டவர் வந்தார். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. நம் அணி தன் முறையை விற்றுவிட்டது, பதிலுக்குப் பின்னால் வரும் மூன்று முறைகளை வாங்கிக்கொண்டது, ஆகவே முதல் ஆளை நாளை வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எடுக்கும் என்று அறிவித்தார்.

 உடனே பன்னிரண்டு தொண்டைகளும் ஒன்றாக வெடித்தன.

“வித்துட்டானுங்க!”

முட்டைக்கோஸ் உருண்டை ஒன்று சுவரில் மோதியது. எமில் அப்படியே பால் பெட்டியில் உட்கார்ந்தான். பெட்டி உடைந்தது.

லூ மட்டும் கடமை தவறவில்லை. உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஸ்பிவி. இன்னொரு பெயர். இன்னொன்று. எல்லாமே ஆள் பெயர்கள். கடைசியாக நீல உறை. பிரித்தவன் வாய் பிளந்தது.

“‘வித்துடுவாங்க.’ கையெழுத்து, பெர்நடெட் ஹுடாக்.”

“செல்லாது!” எமில் தரையிலிருந்தே கத்தினான். “ஆள் பேர் எழுதணும்!”

லூ சுவரைக் காட்டினான். “‘என்ன செய்யும்’னுதான் எழுதியிருக்கு. ‘யாரை எடுக்கும்’னு இல்லை. எழுதினது யாரு?”

எழுதியவன் உடைந்த பெட்டியின் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

அந்த நேரம் பார்த்துப் படியில் காலடி கேட்டது. தலைமுடியெல்லாம் மாவோடு பெர்நடெட் இறங்கி வந்தாள். ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். லூ எழுந்து, ராணிக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கினான். அவள் காடிலாக்கில் இடுப்பு வரை அமிழ்ந்தாள்.

“முதுகுப்பக்கம் ஸ்பிரிங் குத்துது. கொஞ்சம் பாரேன் எமில்.”

“எப்படிடீ தெரிஞ்சது உனக்கு? எவன் சொன்னான்?”

“எவன் சொல்லணும்? இருபத்திரண்டு வருஷமா ஏப்ரல் வந்தா கீழேருந்து இதே சத்தம்தான். முக்கால்வாசி வருஷம் வித்துட்டானுங்கன்னு நீதான் கத்துறே. அதோட, இந்த வருஷம் நாடே பார்க்கிற நேரத்துல வெச்சிருக்காங்க. கையில ஒரு சரக்கும், சுத்தி ஒரு கூட்டமும் இருந்தா, விக்காம இருக்க முடியாத ஒரு ஆளோட நான் இருபத்தேழு வருஷமா குடும்பம் நடத்தறேன்.”

பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். ஆலைக்காரர்கள் விசிலடித்தார்கள். இந்த நேர மாற்றம் ஒன்றும் மோசமில்லை என்று அப்போதே நாலு பேர் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளை எமில் மூன்று முறை படித்துப் பார்த்தான். ‘என்ன நடந்தாலும் சரி.’ அவனுடைய கையெழுத்துத்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தேவாலயக் கூடத்தில் ஒன்பது பெண்களுக்கு நடுவே, பூப்போட்ட ஏப்ரனோடு, வாதுமை அரைக்கும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அங்கே டிவி இல்லை. கார் வானொலியைக் கேட்கலாம் என்றால், சர்க்கரை வாங்கக் காரை வில்மா எடுத்துப் போயிருந்தாள். “சுத்து சுத்து, ஏன் நிறுத்திட்டே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது.

ஏழு மணிக்குப் பொறுக்க முடியாமல், மாவுக் கையோடு தன் வீட்டுக்குப் போன் போட்டான்; எடுத்தது லூ. அந்தப் பக்கம் பெரிய கூச்சல். ஆனந்தக் கூச்சல்.

“லூ! எடுத்துட்டாங்களா? யாரை?”

“ஐயோ எமில், என்ன ஆளு, என்ன ஆளு! நம்பவே மாட்டே!”

“யாருடா?”

“நான் எப்படிப்பா சொல்றது? நாற்காலியில இருக்கிறவங்கதான் சொல்லணும். நீ எழுதின சட்டம். இரு, அவங்ககிட்டயே குடுக்கறேன்.”

தோல் இருக்கை கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

“ஹலோ எமில். வாதுமை நைசா அரைபடுதா?”

“பெர்னி, யாரை எடுத்தாங்க? ஸ்பிவியா? ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொல்லு.”

“சொல்றேன். என்ன தருவே?”

எமில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. கையெல்லாம் மாவு. சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, முதல் விலையைத் தானே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.