குறைந்தது முப்பது பேர்

மெய்நிகர் வகுப்பில் நான்கே பேர் இருந்தார்கள். ஸ்ரீரஞ்சனி லேப்டாப்பை முறைத்தாள். நான்கு நான்காகவே இருந்தது.

அறுபத்து மூவர் விழாவுக்காக மயிலாப்பூர்ச் சாலைகளை அடைத்துவிட்டதால் கல்லூரி இன்று இணையத்தில் நடந்தது. மாணவர்களோ அதே விழாவுக்குப் போய்விட்டார்கள். பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகப் பார்வையாளர் வகுப்புக்குள் வருவார். முப்பது பேராவது இல்லாவிட்டால் அவளுடைய தற்காலிக வேலை இந்த மாதத்தோடு சரி என்று முதல்வர் ஜவஹர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

“கிரீஷ், நீயும் உள்ள வாயேன், ப்ளீஸ்!”

கணவன் இரண்டு போனிலும் ஒரு டேப்லெட்டிலுமாக மூன்று பெயர்களில் நுழைந்தான். எல்லாம் ஒரே அறை. அவள் “குட்மார்னிங்” என்றது நான்கு முறை எதிரொலித்தது. அதைத் தாங்க முடியாமல் உண்மையான மாணவர்கள் இருவர் ஓடிப்போனார்கள்.

“இப்போ அஞ்சுதான். போச்சு, என் வேலை போச்சு!”

“ஃப்ளாட் குரூப்ல லிங்க்கைப் போடு. எல்லாரும் ஆத்துலதான் இருப்பா.”

‘அவசரம், உடனே சேரவும்’ என்று போட்டாள். காரணம் எழுத நேரமில்லை. ஐந்து நிமிடத்தில் எண்ணிக்கை முப்பத்தாறு ஆனது. பெருமூச்சு விடுவதற்குள் பார்வையாளரும் வந்துவிட்டார். முகம் தெரியவில்லை, குரலும் இல்லை. ‘பார்வையாளர்’ என்ற பெயர் மட்டும் திரையில் நின்றது.

திரையின் ஒரு கட்டத்துக்குள் யாரோ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஸ்ரீரஞ்சனி அவசரமாக எல்லோருடைய கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டுப் பணவீக்கத்தை நடத்தத் தொடங்கினாள்.

பத்து நிமிடம் கழித்துப் பார்வையாளரிடமிருந்து எழுத்தில் ஒரு கேள்வி வந்தது. ‘இன்று என்ன கற்றீர்கள்? பட்டியலில் கடைசிப் பெயர் பதில் சொல்லவும்.’

கடைசிப் பெயர் சண்முகசுந்தரம். தி. நகரில் துணிக்கடை வைத்திருப்பவர், குடியிருப்போர் சங்கச் செயலாளர். வேறு வழியில்லாமல் அவர் மைக்கைத் திறந்தாள்.

“ஏம்மா, மீட்டிங்னு வந்து உக்காந்து கால் மணி நேரமாச்சு! தண்ணி மோட்டார் எப்ப சரியாகும்னு ஒருத்தரும் சொல்லக் காணோமே!”

பதற்றத்தில் அவரை அணைக்கப் போய் எல்லோருடைய மைக்கையும் திறந்துவிட்டாள். முப்பது வீட்டுக் குறைகளும் ஒன்றாகக் கொட்டின. நடுவே ஒரு குக்கர் வேறு விசிலடித்தது.

“சார், மன்னிச்சுடுங்கோ!” ஸ்ரீரஞ்சனிக்கு அழுகை வந்துவிட்டது. “இவா யாரும் ஸ்டூடண்ட்ஸ் இல்லே. எங்க அபார்ட்மெண்ட்காரா. வேலை போயிடுமேன்னு பயத்துல இப்படிப் பண்ணிட்டேன்.”

பார்வையாளரிடமிருந்து முதல்முறையாகக் குரல் வந்தது.

“அழாத மேடம், பன்னெண்டு கிளாசுக்கும் ஒரே ஆபீசர்தான் வந்துகீறாரு, மத்த கிளாசுக்கெல்லாம் பிரின்சிபாலே கேள்விய எழுதிக் குடுத்து ஆளப் புடிச்சி பார்வையாளர் பேருல உள்ள குந்த வெச்சிட்டாரு, நான் நம்ம காலேஜ் கேன்டீன் அக்பர் பாஷா!”