குப்பை மாப்பிள்ளையின் லாரி

முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

காஸ் சார் லாரியின் காஸ் மீட்டர் கண்ணாடியை விரலால் சுண்டினார். அசையவில்லை. உள்ளங்கையால் ஒன்று வைத்தார். முள் லேசாகச் சிலிர்த்துவிட்டு மறுபடி பூஜ்யத்திலேயே சாய்ந்துகொண்டது.

"நேத்து சாயங்காலம் என் கையால நிரப்பின சிலிண்டர்யா! காஸ் எங்க போச்சு?"

லாரி ஓட்டுநர் குனிந்து டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போவதால் அவருக்கு 'ஆமை' என்று பெயர். இன்று டயர் துடைப்பதில் மட்டும் அப்படியொரு வேகம்.

"முள்ளு பொய் சொல்லும் சார்."

"முள்ளு பொய் சொல்லாது. பெயிண்டர் கடைக்குப் போனே, எழுத வெச்சே, திரும்பி வந்தே. அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான் சார்" என்றார் ஆமை, டயரிடம்.

மணி எட்டு. பதினோரு மணிக்குப் பொதுநிதி வாரியத்திலிருந்து அதிகாரி வருகிறார்.

ஊர்க் குப்பையெல்லாம் முப்பது வருஷமாகக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட இடம் அது. அந்த மலையின் வயிற்றில் ஊறும் வாயுவை ஒரு குழாய் வைத்து வெறுமனே கொளுத்திக்கொண்டிருந்தார்கள். இரவும் பகலும் தீப்பந்தம்போல வீணாக எரியும். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த ஒரே ஆள் காஸ் சார். மேட்டில் நாற்பது இடத்தில் துளை போட்டார். வாயுவை உறிஞ்சி, ஈரமும் அழுக்கும் நீக்கி, லாரிக்கு எரிபொருளாக்கினார். மாமியார் வீட்டில் அவருக்குக் கிடைத்த பட்டம், குப்பை மாப்பிள்ளை.

வாரியம் நிதி கொடுத்தால் ஊரின் இருபது குப்பை லாரிகளும் இதிலேயே ஓடும். ஒரே ஒரு நிபந்தனை. மாதிரி லாரி மேடேறி, நடுவில் நிற்காமல், பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுவதை அதிகாரி கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். கெடு இன்றோடு முடிகிறது. கையெழுத்து விழாவிட்டால் வாயு மறுபடி தீப்பந்தத்துக்குத்தான்.

காஸ் சார் இயந்திர அறைக்கு ஓடினார்.

"அக்கா! சிலிண்டரை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்?"

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லாரும் அலாரம் அக்கா என்பார்கள். அலாரத்தைவிட அவர் குரல் தூரமாகக் கேட்கும்.

"எப்பவும் போல நாலு மணி நேரம் சார்."

"ரெண்டு மணி நேரத்துல ஆகணும். எல்லா வால்வையும் முழுசாத் திறங்க."

"வேணாம் சார். அளவுக்கு மேல உறிஞ்சினா மேட்டுக்கு மேல இருக்கிற காத்து உள்ள வந்துடும். போன மாசம் எனக்கு வகுப்பு எடுத்ததே நீங்கதான்."

"அது போன மாசம்!"

திறந்தார்கள். இயந்திரம் குஷியாக உறுமியது. முக்கால் மணி நேரம் எல்லாம் அழகாகப் போயிற்று. பிறகு காற்று உள்ளே வந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

"இனிமே குழாயில இருக்கிற காத்தை வெளியேத்திட்டுத்தான் ஓட்டணும். மதியம் ஒண்ணு ஆயிடும்" என்றார் அக்கா. "நான் வாயைத் திறக்கலை."

அடுத்து, லீக். சிலிண்டரில் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைத்துவிட்டு மிச்சம் மீதியை வைத்து ஒப்பேற்றலாம் என்று காஸ் சாருக்குத் தோன்றிவிட்டது.

"ஆமா சார், லீக்காத்தான் இருக்கும்! கண்டிப்பா லீக்குதான்!" ஆமை வழக்கத்துக்கு மாறாகத் துள்ளினார். ஒரு வாளி சோப்பு நுரையைக் கொண்டுவந்து லாரி முழுக்கப் பூசினார். ஒரு குமிழிகூட வரவில்லை. வந்தது பெயிண்ட்தான். அவசரத்தில் எழுதியது, காயவே இல்லை. பக்கவாட்டில் பெரிய பச்சை எழுத்தில் 'குப்பையில் ஓடும் வண்டி' என்றிருந்ததில் நடுப்பகுதியை நுரை வழித்துக்கொண்டு போக, 'குப்பை வண்டி' மட்டும் மிஞ்சியது.

"இப்பவும் தப்பா எதுவும் எழுதலையே" என்றார் அலாரம் அக்கா.

மணி பத்தேகால். ஆமை மெல்லத் தலையைச் சொறிந்தார்.

"சார், ஷெட்டுல பழைய டீசல் லாரி நிக்குது. இந்த லாரியில இருக்கிற பேனரைக் கழட்டி அதுல கட்டிட்டா... அதிகாரிக்கு என்ன தெரியப்போகுது?"

காஸ் சார் அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்பது துளைகளையும் பார்த்தார்.

"கட்டு" என்றார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

'புகையில்லாப் பயணம்' என்ற பேனரைக் கட்டி முடித்து ஆமை சாவியைத் திருகினார். எட்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த லாரி ஒரு செருமு செருமியது. கன்னங்கரேலென்று ஒரு பொதி புகை பேனரையும் காஸ் சாரின் வெள்ளைச் சட்டையையும் ஒருசேரக் கறுப்பாக்கியது.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"என்னங்க, அதிகாரி வந்தாச்சா? அண்ணன் பக்கத்துலதான் இருக்கான். வாய் ஓயாம பேசுறான். இன்னிக்குக் குப்பையில வண்டி ஓட்டிக் காட்டப் போறாரு, நீ உன் கார்ல பெட்ரோல் ஊத்திக்கிட்டே கிடன்னு சொல்லிட்டேன்! சரிதானே?"

காஸ் சார் எதிரே நின்ற கரும்புகையைப் பார்த்தார்.

"சரிதான்" என்று வைத்துவிட்டார். "யோவ், இன்ஜினை நிறுத்து. பேனரை அவிழு."

"சார்?"

"அவிழுய்யா! என்னால முடியாது."

பேனர் அவிழ்வதற்கும் வாரியத்தின் கார் வாசலில் நுழைவதற்கும் சரியாக இருந்தது. ஆமை சட்டென்று ஷெட்டுக்குப் பின்னால் மறைந்துபோனார். அழுக்குச் சட்டையோடு நிற்க வெட்கம்போல என்று நினைத்துக்கொண்டார் காஸ் சார்.

அதிகாரி இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், கையில் ஃபைல், காலில் கான்வாஸ் ஷூ. பாதி அழிந்த எழுத்துகளோடு நின்ற லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்னால் குனிந்து எதையோ பார்த்தார்.

"இதுதானா அது?"

"இதுதான் மேடம். ஆனா..." காஸ் சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இன்னிக்கு ஓடாது."

அலாரம் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"சிலிண்டர்ல காஸ் இல்லை. எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியலை. அவசரப்பட்டு இயந்திரத்தையும் நானேதான் நிறுத்த வெச்சுட்டேன். டீசல் லாரியில பேனர் கட்டி உங்களை ஏமாத்தவும் பார்த்தேன். இந்தச் சட்டையைப் பாருங்க, சாட்சி."

"ஏமாத்தியிருக்கலாமே. ஏன் விட்டுட்டீங்க?"

"ஜனங்களோட வரிப்பணம் மேடம். அவங்க வீட்டுக் குப்பையிலேருந்தே அவங்களுக்கு வண்டி ஓட்டிக் காட்டுறேன்னுதான் கேட்டேன். அதை டீசல்ல ஓட்டிக் காட்டி வாங்கினா, இந்த மேட்டு மேல ஏறி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்? எங்க காஸ் நல்ல காஸ் மேடம். இதுல ஓடாத வண்டி கிடையாது. இன்னிக்கு நான்தான் சொதப்பிட்டேன். அது சொதப்பலை."

அதிகாரி ஃபைலைக் காரின் பானட்டில் வைத்துப் பிரித்தார். பேனாவைத் திறந்தார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார்.

காஸ் சார் எட்டிப் பார்த்தார். 'நேரில் கண்டேன். நிதி வழங்கலாம்.'

"மேடம்!" அவர் பதறிப்போனார். "வேண்டாம் மேடம், பொய்யா எழுதாதீங்க! இந்த லாரி உங்க கண்ணெதிர்ல ஒரு அடிகூட ஓடலையே!"

பானட்டைத் துடைக்கத் துணியோடு காத்திருந்த அதிகாரியின் கார் டிரைவர் பொறுக்கமாட்டாமல் திரும்பினார்.

"ஓடலையா? நல்லா இருக்கே கதை! நேத்து ராத்திரி மலைப்பாதையில படுத்துட்ட எங்க காரை, உள்ள உக்காந்திருந்த மேடத்தோட சேர்த்து, இருபத்தெட்டு கிலோமீட்டர் நிக்காம இழுத்துக்கிட்டு வந்ததே இந்தக் குப்பை வண்டிதானே சார்!"